இரும்பும் வெடியும் – 7: முறிந்த ஸ்லைடு

சென்ற வாரம் குழலின் தேய்மானத்தைப் பார்த்தோம். குழல் தேய்ந்தால் குறி தவறும், அவ்வளவுதான். ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு சுடுதலிலும் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டலின் மேல்பகுதி, முறிந்தால் அடி விழுவது சுடுகிறவர் முகத்தில்.

அமெரிக்க ராணுவம் பழைய எம்1911ஏ1-ஐ ஓரங்கட்டிவிட்டு, 1985-இல் இத்தாலியின் பெரெட்டா எம்9 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. மூன்றே ஆண்டுகளில் சிக்கல் வந்தது. 1988 தொடக்கத்தில் கடற்படையின் சீல் வீரர்கள் பயிற்சியில் சுட்டபோது ஸ்லைடு இரண்டாக முறிந்து, பின்பாதி பறந்து வந்து முகத்தைக் கிழித்தது. தையல் போட வேண்டியிருந்தது, பல்லும் உடைந்தது.

எந்த இடத்தில் முறிந்தது என்பதுதான் விஷயம். எம்9-இன் ஸ்லைடுக்கு மேல்பக்கம் திறப்பு; இரண்டு பக்கச் சுவர்கள்தான் முன்பகுதியையும் பின்பகுதியையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. குழலைப் பூட்டும் லாக்கிங் பிளாக்கின் இரு சிறகுகளும் உட்கார, அந்தச் சுவர்களிலேயே பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுவர் மெலிந்திருப்பதும் அங்கேதான், ஒவ்வொரு தோட்டாவின் உதையும் இறங்குவதும் அங்கேதான். இப்படி அடிவாங்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஒவ்வொரு சுடுதலிலும் மயிரிழை மயிரிழையாக நீளும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். சோர்ந்து முறிந்த எஃகின் முகத்தைப் பார்த்தால், கீறல் மெல்ல ஊர்ந்த பகுதி வழவழப்பாகவும், கடைசியில் படாரென்று விட்ட பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும்.

அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் கொல்லருக்கு இது தெரியும்: கடினம் கூடினால் கூர் நிற்கும், ஆனால் சில்லு தெறிக்கும். ஸ்லைடுக்குத் தேய்மானத்தைத் தாங்கும் கடினமும் வேண்டும், கீறலை ஓடவிடாத உறுதியும் வேண்டும். ராணுவம் ஆய்வு செய்தபோது, இந்த இரண்டாவது குணம் குறைவு என்பதே குற்றச்சாட்டாக வந்தது. தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்ற எதிர்வாதமும் எழுந்தது. களத்தில் 3, சோதனைக்கூடத்தில் 11 என மொத்தம் 14 ஸ்லைடுகள் முறிந்தன. சோதனையில் சில 20,000 தோட்டாவைத் தாண்டியே முறிந்தன. ஆனாலும் 3,000 தோட்டாவுக்கு ஒருமுறை ஸ்லைடை மாற்றச் சொன்ன ராணுவம், பிறகு அதை 1,000 ஆகக் குறைத்தது.

எஃகு எவ்வளவு நல்லதானாலும், சுட்டுக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் முறியலாம். அதனால்தான் பெரெட்டா வடிவத்தில் செய்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலைத் தாங்கும் ஹாமர் பின்னின் தலையைப் பெரிதாக்கி, அது ஓட ஸ்லைடின் அடியில் ஒரு காடி வெட்டினார்கள். ஸ்லைடு முறிந்தாலும் பின்பாதி அந்தத் தலையில் மாட்டி நின்றுவிடும், முகத்துக்கு வராது. 92எஃப்எஸ் என்று இன்று கடையில் கிடைப்பது இந்தக் காடி வெட்டிய மாடல்தான்.

சீல் வீரர்கள் காத்திருக்கவில்லை; சிக் சாவர் பி226-க்கு மாறிவிட்டார்கள். ராணுவமோ எம்9-ஐ விடவில்லை. அதற்கு மாற்றாக இன்னொரு பிஸ்டலைத் தேர்ந்தெடுக்க 2017 ஆனது.

(தொடரும்)