ஆறு அறை, ஓர் அடுப்பு

மத்திய சுற்றுலாத் துறையின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில் ஒரு வீட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால், வாடகைக்கு விடும் அறைகள் 6-க்கு மேல் இருக்கக் கூடாது. கட்டில் கணக்கு 12-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டையும்விட முக்கியம் மூன்றாவது நிபந்தனை: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். ஹோட்டல் முதலாளி எந்த ஊரில் தூங்குகிறார் என்று எவரும் கேட்பதில்லை. ஹோம்ஸ்டேக்காரர் மட்டும் விருந்தாளி படுக்கும் அதே கூரையின் கீழ் படுத்தாக வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் ஃபோர்ட் கொச்சிப் பயணம் பாதி முடிந்த மாதிரிதான். கேரளத்தில் ஹோம்ஸ்டே என்றதும் நினைவுக்கு வருகிற இடங்களில் அதற்கு முன்வரிசை. கடலும் காயலும் சந்திக்கிற அந்த முனைக்குள் நடந்தால் ரோஸ் தெரு, லில்லி தெரு, பர்கர் தெரு, பிரின்சஸ் தெரு என்று எதில் திரும்பினாலும் வாசல் தூணில் ஒரு சின்னப் பலகை தொங்கும். மாடியில் விருந்தாளி, கீழே குடும்பம், பின்கட்டில் சமையல். 1503-இல் போர்ச்சுக்கீசியர் கோட்டை கட்டிய இடம் இது. 1663-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த சுவடு இன்று கொஞ்சம்தான் மிச்சம். வீடுகள்தான் வரலாறாக நிற்கின்றன. கனத்த சுவர், ஓட்டுக் கூரை, மர மச்சு, ஆள் உயர ஜன்னல். அந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் இருந்து பார்க்கலாம் என்பதுதான் இங்கே ஹோட்டலை விட்டுவிட்டு ஹோம்ஸ்டே தேடுவதற்கான நியாயம்.

ஆனால் பலகை தொங்குகிற இடமெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிடாது. குடும்பம் வேறெங்கோ இருக்க, சாவியை ஒரு பையனிடம் கொடுத்து அறை விடுகிற வீடுகளும் உண்டு. அதற்குப் பெயர் லாட்ஜ். லாட்ஜில் தங்குவது தப்பில்லை. ஹோம்ஸ்டே என்று நினைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் பணம் கட்டுவதுதான் வயிற்றெரிச்சல். கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

எந்த மாதம் போவது? மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை விடாமல் அடிக்கும். அப்போது வாடகை இறங்கியிருக்கும், வீடுகளும் காலியாக இருக்கும், பேரம் பேசவும் இடம் கிடைக்கும். ஆனால் பழைய ஓட்டு வீட்டில் மழைக்காலம் என்றால் ஈர வாடை, காயாத துண்டு, கொசு மூன்றும் சேர்ந்தே வரும். கொச்சிக் கொசுவைப் பற்றிக் கொச்சிக்காரர்களே தாராளமாக ஜோக் அடிப்பார்கள். அறையில் கொசுவலை உண்டா என்பது அங்கே ஆடம்பரக் கேள்வி கிடையாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானிலை சுகம், விலை கசப்பு. அதிலும் டிசம்பர் கடைசி வாரம் தனிக் கணக்கு. கொச்சி கார்னிவல் அப்போதுதான் நடக்கும். 31-ஆம் தேதி நள்ளிரவில் ‘பாப்பாஞ்ஞி’ என்கிற பெரிய கிழவன் பொம்மையைக் கொளுத்திப் புத்தாண்டை வரவேற்பார்கள். அதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் திரளும், வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள், அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். கூட்டம் பிடிக்கும் என்றால் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பிடிக்காது என்றால் அந்த வாரம் கொச்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்ற கலைத் திருவிழா நடக்கிற ஆண்டுகளில் டிசம்பரிலிருந்து மார்ச் வரையிலுமே அறைகளுக்குக் கிராக்கி இருக்கும்.

மாதத்தைப் பற்றி யோசிப்பவர்கள் கிழமையைப் பற்றி யோசிப்பதில்லை. ஃபோர்ட் கொச்சியில் அதுதான் பெரிய சறுக்கல். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? வெள்ளி ராத்திரி ரயிலேறி, சனி ஞாயிறு சுற்றிவிட்டு, திங்கள் காலை ஆபீஸ். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்துக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. கையால் தீட்டிய நீல நிறச் சீன ஓடுகள் தரை முழுக்கப் பதித்த அந்தக் கூடத்தை சனிக்கிழமை வருகிறவர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். பக்கத்திலேயே போர்ச்சுக்கீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்து, பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்த மட்டாஞ்சேரி அரண்மனை. ராமாயணச் சுவரோவியங்கள் இருக்கும் அந்த அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. வாஸ்கோட காமா 1524-இல் இறந்தபோது முதலில் புதைக்கப்பட்ட செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகப் பலரும் தேர்ந்தெடுக்கிற வாரக் கடைசிதான் இந்த ஊருக்கு ஆகாத நாள். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து செவ்வாய் கிளம்பினால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். வாரக் கடைசிக் கூட்டம் வடிந்த பிறகு வாடகையும் கொஞ்சம் இளகும். இரண்டு நாள் லீவு போட்டால்தான் ஆகும் என்றாலும் போடலாம்.

அடுத்து, வீடு எந்தத் தெருவில் என்பது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கம் போலத் தெரியும். கடற்கரையில் சீன வலைகள் இருக்கும் இடத்திலிருந்து யூதத் தெரு வரை இரண்டரை, மூன்று கிலோமீட்டர் வரும். வெயிலில் நடந்தால் நாக்கு தள்ளும். வலைகளும் தேவாலயங்களும் காபிக் கடைகளும் கூப்பிடு தூரத்தில் வேண்டுமென்றால் பிரின்சஸ் தெருவைச் சுற்றி எடுக்கலாம். ராத்திரி வரை ஆள் நடமாட்டம் இருக்கும், சத்தமும் இருக்கும். பரேடு மைதானத்துக்குத் தெற்கே உள்ள தெருக்கள் அமைதி. மட்டாஞ்சேரிப் பக்கம் பஜார் சாலையை ஒட்டி எடுத்தால் மிளகும் சுக்கும் அரிசியும் ஏற்றி இறக்கும் லாரிகள் விடிகாலையிலேயே எழுப்பிவிடும். சரக்கு வாசனையோடு எழுந்திருப்பது சிலருக்குப் பிடிக்கலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குப் பிடிக்காது.

வலைதளங்களில் படம் பார்த்துவிட்டு உடனே பணம் கட்டிவிடுகிறவர்கள் அதிகம். படத்தில் எல்லாக் கட்டிலும் அழகுதான். அதைவிட நல்ல வழி, வீட்டு நம்பரைப் பிடித்து ஒரு தடவை பேசிவிடுவது. பதிவுத் தளங்கள் வீட்டுக்காரரிடம் கமிஷன் பிடிப்பதால் நேரில் கேட்கிறவருக்குச் சிலர் குறைத்துத் தருவதும் உண்டு. விலையைவிட அந்தப் பேச்சில் கிடைக்கும் தகவல்தான் லாபம். மாடி அறையா, கீழ் அறையா? பழைய வீடுகளில் மரப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிப் போகிறவர் இதைக் கேட்காமல் போனால் வாசலில் நின்று முழிக்க வேண்டும். ஏசி சேர்த்த விலையா, தனியா? ராத்திரி எத்தனை மணிக்கு கேட் பூட்டுவார்கள்? கார் நிறுத்த இடம் உண்டா? தெரு குறுகல், வீட்டுக்குள் வண்டி விட இடமில்லாதவை பல. மது அருந்தலாமா, வெளியாள் வந்து பார்க்கலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். குழந்தைகள் படிக்கிற வீடாக இருக்கலாம், வயதான பாட்டி படுத்திருக்கிற வீடாக இருக்கலாம். தமிழில் பேசினால் போதும், அங்கே பெரும்பாலோர் சமாளித்துப் பதில் சொல்லிவிடுவார்கள். போனை எடுக்கிற சேச்சி, “எத்தனை பேரு? கொச்சுப் பிள்ளைங்க உண்டா? மீன் கழிக்குமா (சாப்பிடுவீங்களா)?” என்று திருப்பி நாலு கேள்வி கேட்டால் அங்கே நிஜமாகவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். “சார், ரூம் அவைலபிள், பே பண்ணுங்க” என்று மட்டும் பதில் வந்தால் மேலே சொன்ன சாவிப் பையன்தான்.

அடையாள அட்டையை எல்லா விருந்தாளியிடமும் கேட்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருகிற உறவினர் இருந்தால், அது இலங்கையோ மலேசியாவோ எந்த நாடானாலும், அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைப் பதிய வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. பாஸ்போர்ட், விசா பிரதியை முன்பே அனுப்பிவைத்தால் ராத்திரி பத்து மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போய்ச் சேரும் வழியில் ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கிறது. எர்ணாகுளம் ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடித்தால் தேவரா, தோப்பும்படி என்று சுற்றி, நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். படகுத் துறைக்கு ஆட்டோ பிடித்தால் அரசுப் படகு இருபது நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சியில் விட்டுவிடும், டிக்கெட் பத்து ரூபாய்க்குள். 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ 2024 ஏப்ரலிலிருந்து உயர் நீதிமன்றத் துறைக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் ஏசி படகு விடுகிறது. பெரிய பெட்டி இருந்தால் இதுவே வசதி. வாரக் கடைசியில் இதற்கும் வரிசை நிற்கும். வாரக் கடைசியைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

இனி அடுப்பு. ஹோட்டல் பஃபேயில் இருபது அயிட்டம் ஆறிக்கிடக்கும். ஹோம்ஸ்டேயில் ஒன்றுதான் வரும், அது சூடாக வரும். புட்டும் கடலைக்கறியும் ஒரு நாள், அப்பமும் இஷ்டு என்கிற ஸ்டூவும் மறுநாள், இடியாப்பத்தோடு முட்டைக்கறி இன்னொரு நாள். புட்டுக் குடத்தின் மேல் குழலைச் சொருகி, நனைத்த மாவும் தேங்காய்த் துருவலும் மாறி மாறி அடுக்கி, ஆவி மேலே பீறிட்டதும் குச்சியால் தள்ளினால் ஒரு முழுப் புட்டு தட்டில் விழும். அதை உடைத்து, கருப்புக் கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றி, கூடவே ஒரு பழத்தைப் பிசைந்து சாப்பிடுவது அங்கத்தி முறை. குழம்போடு பழமா என்று முகம் சுளிக்கிற தமிழ்நாட்டு விருந்தாளியை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். இரண்டாவது நாள் அவரே பழம் கேட்பார்.

அப்பத்துக்கு மாவு முந்தின நாளே அரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். அதனால்தான் மறுநாள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று ராத்திரியே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். எட்டரை என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு இறங்கி வந்தால் பணம் வாங்குகிற வீடானாலும் முகம் மாறத்தான் செய்யும். சீன வலை தூக்குவதைப் பார்க்க விடிகாலையில் போகிறவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த வலைக்கு நாலைந்து ஆள் தேவை. கல் கட்டிய கயிறுகளை இழுக்க இழுக்க மரச்சட்டம் மேலே எழும்பும். அங்கே அரை மணி நின்றுவிட்டுத் திரும்பினால் பசி சரியாக எடுத்திருக்கும்.

சுத்த சைவம் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்தும் வீடுகள் பலவும் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. மீனும் முட்டையும் இறைச்சியும் சமைக்கிற அதே அடுப்பில்தான் விருந்தாளிக்கும் சமைப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் இஷ்டுவைக் காய்கறியில் மட்டும் செய்து தருவார்கள், ஆனால் பாத்திரம் தனியாக இருக்காது. அது மனதுக்கு ஒப்பாதென்றால் சங்கடப்படாமல் மட்டாஞ்சேரிப் பக்கம் பார்க்கலாம். தலைமுறைகளாகக் குஜராத்திகளும் கொங்கணிகளும் வாழ்கிற பகுதி அது. சைவச் சாப்பாட்டுக்கும் இனிப்புக்கும் குறைவில்லை.

பேக்கரிகளில் ‘ப்ரூடர்’ கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். முட்டையும் வெண்ணெயும் திராட்சையும் சேர்ந்த, பாதி ரொட்டி பாதி கேக். டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. இலங்கையில் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்வதும் இதேதான்.

படுக்கை விரிப்பு மொடமொடவென்று கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தால், அது வெளி என்ற இடத்திலுள்ள சலவைக்கூடத்திலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி துவைக்கத் தமிழ் நாட்டிலிருந்து கூட்டிவந்தவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் வேலை செய்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ். வரிசையாகத் தடுத்த தொட்டிகளில் கல்லில் அடித்துத் துவைத்து, பின்னால் உள்ள திறந்த மைதானத்தில் காயப்போடுகிறார்கள். கிளிப் கிடையாது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது. கொச்சிக்கு வருகிற தமிழர்கள் யூத ஆலயம், வாஸ்கோட காமா என்று ஓடிவிட்டு இந்த இடத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். ஹோம்ஸ்டேக்காரரிடம் கேட்டால் வழி சொல்லி அனுப்புவார். காலை பத்து மணி வாக்கில் போனால் துவைப்பது, காயப்போடுவது, தேய்ப்பது மூன்றும் நடந்துகொண்டிருக்கும். வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் படம் எடுப்பது மரியாதை.

கிளம்புகிற நாளில் காலை ரயில் என்றால் நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து படகுத் துறை, படகு, அங்கிருந்து ஸ்டேஷன் என்று ஒன்றரை மணி நேரமாவது கையில் இருக்கட்டும். அறை வாடகையில் சேர்ந்த காலைச் சாப்பாட்டை அன்று விட்டுவிட வேண்டியதில்லை. ராத்திரியே சொல்லி வைத்தால் ஆறு மணிக்கு இடியாப்பத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன.