தகரக் கூரை, மண் சுவர்... ஆனாலும் அனல் அடிக்காத பள்ளிக்கூடம்! எப்படி சாத்தியம்?

தகர ஷீட் போட்ட அறையில் மே மாத மதியம் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? அஞ்சு நிமிஷம் தாங்காது.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்குள்ள காண்டோ கிராமத்துப் பள்ளிக்கும் தகரக் கூரைதான், சுவரும் மண்தான். பள்ளி கட்டிய காலத்தில் மின்சாரமே இல்லாத ஊரில் ஏசிக்கு எங்கே போவது? ஆனாலும் வகுப்பறைக்குள் அனல் அடிப்பதில்லை.

கட்டியது யார்?

பிரான்சிஸ் கெரே. 1965-ல் காண்டோவில் பிறந்தவர். ஊரில் பள்ளி இல்லாததால் 7 வயதிலேயே வீட்டைப் பிரிந்து வெளியூர் போய் படித்தார். அங்கே காற்றும் வெளிச்சமும் இல்லாத சிமென்ட் அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். தச்சு வேலை பயிற்சிக்காக ஸ்காலர்ஷிப்பில் ஜெர்மனி போனவர், பிறகு பெர்லினில் கட்டடக்கலை படித்தார். படிப்பு முடியும் முன்பே நிதி திரட்டி, 2001-ல் சொந்த ஊருக்குப் பள்ளி கட்டி முடித்தார்.

ஊர் மக்கள் ஏன் தயங்கினார்கள்?

மண்ணில் கட்டப் போறேன் என்றதும் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. காரணமும் நியாயமானதுதான். மழைக்காலம் வந்தால் மண் சுவர் கரைந்துவிடும். அதனால் கெரே, மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்திக் கெட்டியான கல்லாக மாற்றினார். ஊர்க்காரர்களே கல் அறுத்தார்கள். பெண்கள் மண் தரையைத் தட்டித் தட்டி இறுக்கினார்கள்.

சூடு குறைவது எப்படி?

* வகுப்பறைக்கு மேல், இடைவெளி விட்டு அடுக்கிய மண் கற்களால் ஓர் உள்கூரை.
* அதற்கு மேலே, கம்பிச் சட்டத்தில் உயரமாகத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை.
* அறையின் சூடான காற்று மேலே எழும்பி, அந்த இடைவெளி வழியாக வெளியேறும். ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும்.
* தகரத்தின் சூடு, இரண்டு கூரைக்கும் நடுவில் ஓடும் காற்றோடு போய்விடும்.
* தகரம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் மழையும் சுவரில் படாது.

கிரேன் கொண்டு வர முடியாத ஊர். அதனால் சாதாரண கட்டுமானக் கம்பிகளை வெல்டிங் செய்தே அந்தச் சட்டத்தை உருவாக்கினார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

2004-ல் இந்தப் பள்ளிக்கு ஆகா கான் விருது கிடைத்தது. 120 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 700 ஆக உயர்ந்தது. கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கரை 2022-ல் கெரே பெற்றார். அதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

மண் வீடு என்றால் வசதி இல்லாதவங்க வீடு என்ற நினைப்பு நம்மிடமும் இருக்கு. காண்டோவிலும் அதே மண், அதே தகரம்தான். இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு ஒரு வழி விட்டார் கெரே, அவ்வளவுதான்.