ஸ்டீயரிங் கனமா இருந்தா அது பேசுதுன்னு அர்த்தமா?

வடக்கனந்தல் பக்கமிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் மழை பெய்தால், டயர் பிடி விடப்போகுதா என்பதை முதலில் கைதான் உணரணும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இதைத்தான் “ஸ்டீயரிங் பேசுது” என்கிறார்கள். வீல் அலைன்மென்ட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

முக்கியமானது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கும் இல்லையா? அந்தச் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் முடியும். ஆகவே சக்கரம் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு, தானே நேராகப் பார்க்கும். காரிலும் இதே கதைதான். காஸ்டர் கூடினால் ஸ்டீயரிங் கனமாகும், சட்டென்று நடுவுக்குத் திரும்பும்.

ஆனா கனம் வேறு, பேச்சு வேறு. வளைவில் டயரும் தன் பங்குக்கு ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும். பிடி எல்லையை நெருங்கும்போது அந்த விசை குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். அதுதான் எச்சரிக்கை. காஸ்டரை அளவுக்கு மீறி வைத்தால் அதன் கனம் இந்தச் சின்ன மாற்றத்தை அமுக்கிவிடும்!

டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்பது. வெளிநோக்கினால் கார் வளைவில் ஆர்வமாகத் திரும்பும். நேர் ரோட்டில் அலையும். 2020இல் மெர்சிடிஸ் ஃபார்முலா 1 காரில் ஸ்டீயரிங்கை இழுத்தே டோவை மாற்றினார்கள். அடுத்த ஆண்டே தடை.

நம்ம ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் முன் டோவை மட்டும்தான் திருத்த முடியும். இருந்தாலும் பிரிண்ட் கேட்டு வாங்குங்க. டோவைத் திருத்தி, டயர் காற்றும் சரியா இருந்தும் கார் ஒரு பக்கமே இழுத்தால், இரு பக்க காஸ்டரையும் ஒப்பிடுங்கள்: குறைவான பக்கம்தான் இழுக்கும்.