வேகப்பந்துப் பையனுக்கு ஒரு கணக்கு நோட்டு

காரைக்குடிப் பக்கம் வேகமாகப் பந்து வீசத் தெரிந்த பதினாலு வயதுப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். காலையில் பயிற்சி முகாமில் ஸ்டிச் பந்து. பத்து மணிக்குக் கோட்டையூரில் டென்னிஸ் பால் போட்டி. அங்கே அணி தோற்றுவிட்டால் பள்ளத்தூர் அணிக்காரர் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார். "ரெண்டே ஓவர்தான் தம்பி" என்று எல்லாக் கேப்டன்களும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு இரண்டு ஓவர்தான் கேட்கிறார்கள். வலையில் 60 பந்து, மூன்று ஆட்டங்களில் 36 பந்து என்று வைத்துக்கொண்டால், பொழுது சாய்வதற்குள் பையன் 96 தடவை ஓடிவந்து குதித்து வீசியிருப்பான். அதைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் சாயங்காலம் பையன்களோடு மைதானத்தில்தான் இருக்கிறேன். வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று கேட்காத பெற்றோர் இல்லை. எத்தனை பந்து போடலாம் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

போன வருடம் புதுவயல் பையன் ஒருவனின் முதுகு வலியை அவனுடைய அப்பத்தாதான் முதலில் கவனித்தார். "சார், கொடியில துணி போடச் சொன்னா, அண்ணாந்த உடனே இடுப்பப் புடிச்சுக்கிறான்" என்றார். அவனோ வலியே இல்லை என்று சாதித்தான். அடுத்த ஞாயிறு அரையிறுதி, வேறென்ன சொல்வான்? வலது கை வீச்சாளன்; வலி கீழ்முதுகில் இடது பக்கம், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் முதுகெலும்பில் கீறல் விட்டிருப்பது தெரிந்தது.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறார்களே, அது இதுதான். விழுந்து அடிபட்டு வருவதல்ல. வேகப்பந்து வீசுபவர் முன்காலை ஊன்றும் நொடியில் அவருடைய எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள், அதிலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், இதைத் தாங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏற்படும் நுண்ணிய சேதத்தை ஓய்வு நாட்களில் உடம்பே சரிசெய்துவிடும். ஓய்வு கொடுக்காவிட்டால் சேதம் சேர்ந்துகொண்டே போகும். கீழ்முதுகு எலும்பு முழுதாக உறுதிப்பட இருபது வயதையும் தாண்ட வேண்டும். பதினாலு வயதில் உயரம் சட்டென்று கூடுகிறது, எலும்பு இன்னும் இளசு, பையனுக்கோ அப்போதுதான் வேகம் பிடிபடுகிறது. ஆபத்து அதிகமான வயது இதுதான்.

"டென்னிஸ் பால் லேசுதானே சார், உடம்புக்கு ஒன்னும் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். பந்து லேசுதான். ஆனால் ஊன்றும் காலில் இறங்குவது பந்தின் எடையா? பையனின் எடையும் ஓட்டமும் அல்லவா! அதுவும் நம் ஊர்ச் செம்மண் பொட்டலில், சரியான ஷூகூட இல்லாமல்.

பெரிய பெயர்களும் இதில் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தின்போது முதுகெலும்பு கீறியது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்து, 1974-ல்தான் திரும்பினார். அவரே 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்கு வந்து, நம் பையன்களுக்கு முதுகைக் காக்கும் வீச்சு முறையைக் கற்றுக்கொடுத்தார். 2004 பாகிஸ்தான் பயணத்தில் நாம் கொண்டாடிய லட்சுமிபதி பாலாஜியின் நல்ல வருடங்களையும் முதுகுக் காயம்தான் தின்றது. பாட் கம்மின்ஸ் பதினெட்டு வயதில், 2011 நவம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் போனவை ஐந்து வருடங்களுக்கும் மேல். அவருக்குப் பின்னால் ஒரு நாட்டின் மருத்துவக் குழுவே இருந்தது. புதுவயல் பையனுக்கு அப்பத்தா மட்டும்தான் இருக்கிறார்.

இதே சிக்கல் அமெரிக்காவில் பேஸ்பால் பையன்களின் முழங்கையில் வந்தது. 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற வீரரின் முழங்கையில், கிழிந்த தசைநாருக்குப் பதில் அவருடைய மறுகையிலிருந்தே தசைநாண் எடுத்து வைத்துத் தைத்தார். தொழில்முறை வீரருக்கு என்று வந்த அந்த அறுவை சிகிச்சை, பிறகு பள்ளிப் பையன்களுக்கும் தேவைப்பட ஆரம்பித்தது. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசிவந்த பையன்களுக்கு அறுவை சிகிச்சை வரையிலான காயம் 36 மடங்கு அதிகம் என்று அங்கே ஓர் ஆய்வு சொன்னது. 2007 முதல், சிறுவர் பேஸ்பால் நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு பந்துகளை எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 வீச்சு. 66-ஐ எட்டிவிட்டால் நான்கு நாள் கட்டாய ஓய்வு. இறுதிப் போட்டியே ஆனாலும் விலக்கு கிடையாது.

கிரிக்கெட்டிலும் இங்கிலாந்து வாரியம் 14, 15 வயது வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர், பயிற்சியில் 36 பந்து என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. நம் ஞாயிற்றுக்கிழமையின் 96 பந்தை இந்த 12 ஓவரின் 72 பந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை பள்ளி அணிப் பயிற்சி வேறு காத்திருக்கிறது.

செட்டிநாட்டில் கணக்கு எழுதத் தெரியாத வீடு கிடையாது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றவர்கள் காசுக்குக் காசு பேரேடு எழுதிய ஊர் இது. பையனின் பந்துக்கும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவருகிறேன். அந்த நோட்டு பயிற்சியாளரிடம் இருந்தால் அவருடைய மைதானத்துக் கணக்கு மட்டுமே ஏறும். அம்மாவிடமோ அப்பத்தாவிடமோதான் இருக்க வேண்டும். தேதி, எந்த அணி, வலையில் எத்தனை பந்து, ஆட்டத்தில் எத்தனை. கடைசியில் 'வலி உண்டா' என்று ஒரு கட்டம். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் வீசக் கூடாது. வீசி முடித்த பையனை எல்லைக்கோட்டில் நிறுத்தி நாள் முழுக்க எறிய விடக் கூடாது. தோளும் முழங்கையும் அங்கேதான் கெடுகின்றன. வருடத்தில் சில மாதங்களாவது பந்து வீசாமல் கால்பந்தோ கபடியோ ஆடட்டும். பின்னால் வளையும்போது ஒருபக்கம் மட்டும் வலித்தால் தைலம் தேய்த்து விளையாட அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் புதுவயல் பையன் நான்கு மாதம் பந்தையே தொடவில்லை. வயிற்றுக்கும் முதுகுக்குமான பயிற்சிகள் முடிந்து, ஓடாமல் நின்ற இடத்திலிருந்து பன்னிரண்டு பந்தில் மறுபடி ஆரம்பித்தான். இப்போது பாதி ஓட்டத்துக்கு வந்திருக்கிறான்.

வரும் பொங்கலுக்குப் போட்டி நடத்தும் குழுவினரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விதிகளை அச்சடிக்கும்போது, பதினாறு வயதுக்குட்பட்டவர் ஒரு நாளில் எத்தனை அணிக்கு ஆடினாலும் மொத்தம் இத்தனை ஓவர்தான் வீசலாம் என்று ஒரு வரி சேருங்கள். ஸ்கோர் எழுதும் தாளில் வீச்சாளரின் பிறந்த தேதிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.