ஓவனில் மணக்கும் மெக்சிகோ

மூன்றாண்டுகளுக்கு முன் பணியிட மாற்றத்தில் புணே நகருக்கு வந்தபோது, எங்கள் வீட்டுச் சாமான்களுள் மிகுந்த கனமும் மிகக் குறைந்த பயனும் உடையதாக இருந்தது ஓ.டி.ஜி. என்னும் மின் ஓவன். ஆறு தவணைகளில் வாங்கிய அதில் இரண்டு முறை கேக் செய்தோம். பின்னர் அதன்மேல் பழைய செய்தித்தாள்கள் அடுக்கப்பட்டன. வங்கி மொழியில் கூறினால், அது ஒரு செயல்படாச் சொத்து.

சென்ற ஆண்டு எங்கள் தந்தையாருக்கு இதய சிகிச்சை நடந்தது. எண்ணெயில் பொரித்த உணவைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் கடையிலிருந்து வரவழைத்த சிக்கன் விங்ஸைச் சுற்றி அமர்வார்கள். தந்தையாரோ தயிர்சாதத் தட்டுடன் தம் அறைக்குச் சென்றுவிடுவார். அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. எங்களுக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. அனைவரும் சேர்ந்து உண்ணக்கூடிய ஒன்றைத் தேடியபோது, செய்தித்தாள்களுக்கு அடியிலிருந்த ஓவன் நினைவுக்கு வந்தது. மெக்சிகோ சுவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகள்.

மிளகாயின் தாயகம்

உண்மையில் கோழி இறக்கை மெக்சிகோவின் பழமையான உணவன்று. கோழியே 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடுதான் அந்நாட்டை அடைந்தது. அதற்கு முன் அங்கு வான்கோழி வளர்க்கப்பட்டது. பொரித்த இறக்கையைக் காரச் சாற்றில் புரட்டித் தரும் வழக்கம், 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ஆங்கர் பார் உணவகத்தில் தோன்றியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

மெக்சிகோ நமக்குத் தருவது சுவையை. மிளகாயின் தாயகம் அது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அந்தக் காய், மிளகைப்போல் உறைத்ததால் தமிழில் மிளகாய் ஆயிற்று. காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகத்துடன் அரைப்பது மெக்சிகோ சமையலின் அடிப்படை முறைகளுள் ஒன்று. அதற்கென மோல்கஹெத்தே என்னும் முக்கால் கல்லுரலும் அங்குண்டு. அம்மியில் அரைத்துப் பழகிய நமக்கு இதில் அந்நியமானது ஏதுமில்லை. அந்நாட்டுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதல் முயற்சியின் பாடம்

முதல் ஞாயிறன்று ஒன்றரைக் கிலோ இறக்கைகளை ஒரே தட்டில் நெருக்கி அடுக்கி, ஓவனை முன்கூட்டிச் சூடாக்காமலே 180 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தோம். தோல் ரப்பர்போல் இழுபட்டது. தந்தையார் வாய்க்குக் கொண்டுசென்ற துண்டின் உள்ளே வேகாத இளஞ்சிவப்பைக் கண்ட மகள், அவர் கையைப் பற்றி நிறுத்தினாள். சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆன ஒருவருக்கு நாங்கள் வேகாத கோழியைப் பரிமாறியிருந்தோம். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

மறுவாரம் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கினோம். எலும்பைத் தொடாமல் சதையின் தடித்த பகுதியில் செருகும்போது அது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நன்கு வெந்த இளங்கோழியிலும் எலும்பருகே சிவப்பு தென்படுவதுண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

செய்முறை

ஒரு கிலோ இறக்கைகளைத் தோலுடன் கேட்டு வாங்குங்கள். தோலுரித்தவை ஓவனில் வறண்டுவிடும். மூட்டில் இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் கிருமிகளைப் பரப்பும். சமையலறைத் தாளால் ஈரம் போக ஒற்றி எடுப்பதே நன்று. ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி வறுத்த சீரகத்தூள், அரைத் தேக்கரண்டி ஓரிகானோ ஆகியவற்றைக் கலந்து பூசுங்கள். பேக்கிங் பவுடர் தோல் மொறுமொறுப்பாகச் சிவக்க உதவும். அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவைச் சேர்த்தால் கசக்கும். பூசியதை மூடாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சில மணி நேரம் வைத்தால் தோல் நன்கு உலரும்.

ஓவனை 220 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்குங்கள். கம்பித் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் இறக்கைகளைப் பரப்பி, உருகும் கொழுப்பைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வையுங்கள். 25 நிமிடத்தில் திருப்பிவிட்டு, மேலும் 20 நிமிடம் வேகவிடுங்கள்.

இதற்கிடையே ஆறு காஷ்மீரி மிளகாயைக் கருகாமல் வாட்டி, 20 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, சுட்ட தக்காளி ஒன்று, பூண்டு நான்கு பல், சிறிது வெல்லம் சேர்த்து அரையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அது கெட்டியாகும்வரை கிளறி இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். வெந்த இறக்கைகளை இதில் புரட்டி மீண்டும் ஐந்து நிமிடம் ஓவனில் வைத்தால் போதும்.

மெக்சிகோவில் புகை மணத்துக்குச் சிபோட்லே சேர்ப்பார்கள். அது பழுத்த ஹலபேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. அது கிடைக்காவிடில், வடஇந்தியாவின் துங்கார் முறை கைகொடுக்கும். இறக்கைகள் உள்ள பாத்திரத்தின் நடுவே சிறு கிண்ணத்தில் கனன்ற கரித்துண்டை வைத்து, ஒரு துளி நெய் விட்டு, மூன்று நிமிடம் மூடிவையுங்கள்.

வரவும் செலவும்

எங்கள் ஓவன் 1,500 வாட் திறனுடையது. முழுச் சமையலும் 65 நிமிடம். இடைவிடாமல் ஓடினாலும் மின்செலவு இரண்டு யூனிட்டுக்குக் குறைவே. கடாய் நிறைய எண்ணெயும் மிச்சம்.

ஆயினும் தோலிலும் கொழுப்பு உண்டு, பூச்சில் உப்பும் உண்டு. மருத்துவரைக் கேட்டே தந்தையாரின் பங்கை மூன்று துண்டுகள் என வரையறுத்தோம். இத்தகைய சிகிச்சை பெற்றோர் உள்ள இல்லங்களிலும் அவ்வாறே கேட்டறிந்து செய்வது நலம்.

இப்போது ஞாயிறு மாலைகளில் தந்தையாரும் மேசையில் அமர்கிறார். தம் மூன்று துண்டுகளையும் பொறுமையாக உண்கிறார். அதற்கு முன் வெப்பமானியை வாங்கிப் பார்த்து, "எழுபத்து நாலு தாண்டிருச்சா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்.