மடிக்குள் மறைந்திருக்கும் நோய்

திருவாரூருக்குப் போனவர்கள் தியாகராசர் கோயிலையொட்டி நிற்கும் கல்தேரைப் பார்த்திருப்பீர்கள். கன்றை இழந்த பசு ஒன்று ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்து மனுநீதிச் சோழனிடம் முறையிட்ட கதை அவ்வூருக்கே உரியது. ஆனால் அதே வட்டாரத்துக் கொட்டகைகளில் நிற்கும் கறவைகளுக்கு வருகின்ற ஒரு நோய் எந்த மணியையும் அடிப்பதில்லை. பசு வழக்கம்போல் தீனி தின்னும், அசை போடும். பாலும் வெள்ளையாகவே இருக்கும். கறக்கும் அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தீவனம் போதவில்லை என்றோ, கண்பட்டுவிட்டது என்றோ வீட்டார் எண்ணிக்கொள்வர். உண்மையில் மடியின் ஒரு பகுதியில் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கும். மடிவீக்க நோயின் இந்த மறைமுக வடிவத்தைப் பற்றித்தான் இங்குக் காணப்போகிறோம்.

மடி வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, பால் திரிந்து வந்தால் யாரும் மருத்துவரிடம் ஓடுவார்கள். அது வெளிப்படையான நோய். அப்படி ஒரு பசு தென்படும் மந்தையில், வெளியே தெரியாமல் நோயைச் சுமக்கும் பசுக்கள் அதைவிடப் பல மடங்கு இருக்கும். இழப்பில் பெரும்பங்கு இவற்றால்தான் வருகிறது. அறுவடை முடிந்து வயலில் வேலையில்லாத மாதங்களில், சொசைட்டியில் ஊற்றும் பாலின் காசுதான் டெல்டாவில் பல குடும்பங்களுக்கு அன்றாட வரும்படி. அங்கே நாளுக்கு ஒரு லிட்டர் குறைவதென்பது சிறிய செய்தியன்று.

மடி ஒரே பை போலத் தோன்றினாலும் அது நான்கு தனித்தனி அறைகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு; ஓர் அறையின் பால் மற்றொன்றுக்குப் போகாது. அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்பைகள் இரத்தத்திலிருந்து பாலை உண்டாக்குகின்றன. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓடியாக வேண்டும்! இந்த ஆலைக்கு வெளியுலகோடு உள்ள ஒரே வாசல், காம்பின் நுனியிலுள்ள ஒரு சென்டிமீட்டர் அளவான குழல். அதைச் சுற்றியுள்ள தசைவளையம் சுருக்குப்பையின் கயிறு போல வாசலை இறுக்கி மூடி வைத்திருக்கிறது.

கறந்து முடித்ததும் அந்தத் தசை உடனே இறுகிவிடுவதில்லை. அரை மணி நேரத்துக்கு மேலும் வாசல் தளர்ந்தே இருக்கும். அந்நேரத்தில் பசு சாணியிலும் சேற்றிலும் படுத்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாக் கொட்டகைகளின் நிலையை நீங்கள் அறிவீர்கள். நனைந்த வைக்கோல் நுண்ணுயிர்களுக்கு நல்ல மெத்தை. கறந்தவுடன் பசுவுக்கு முன்னால் ஒரு பிடி வைக்கோலோ பசும்புல்லோ போட்டு நிற்க வைத்தால் பாதி ஆபத்து நீங்கும். இதற்குக் காசு செலவில்லை.

சேற்றிலிருந்து வரும் எஸ்கெரிஷியா கோலி போன்றவை ஒரு வகை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்பது வேறு வகை; அது நோயுற்ற மடியிலிருந்து நல்ல மடிக்குக் கறப்பவரின் கை வழியாகவே பயணம் செய்கிறது. ஒரே கை, ஒரே ஈரத்துணி, காம்பில் தடவ ஒரே விளக்கெண்ணெய்க் கிண்ணம் என்று நான்கு வீட்டுப் பசுக்களைக் கறப்பவர், தாம் அறியாமலே நோயை வீடு வீடாகக் கொண்டுபோகிறார். கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் கணுவால் காம்பை நெரித்துக் கறக்கும் பழக்கமும் நம்மிடையே உண்டு. இது காம்பின் உட்சுவரைக் காயப்படுத்தும். உள்ளங்கையும் எல்லா விரல்களும் சேர்ந்து அழுத்தும் முழுக்கை முறையே நல்லது.

திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி மாடு உழவுக்குப் பேர்போனது, பால் சொற்பம். பாலுக்காக இன்று வளர்க்கப்படுபவை பெரும்பாலும் கலப்பினப் பசுக்கள். பால் மிகுந்த பெரிய மடிக்கு இந்நோயின் தொல்லையும் மிகுதி. கலப்பினம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்குக் கூடுதல் கவனம் தேவை.

சரி, கண்ணுக்குத் தெரியாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமிகள் நுழைந்ததும் அவற்றோடு போரிட இரத்தத்தின் வெள்ளணுக்கள் மடிக்குள் படையெடுக்கின்றன. நல்ல பாலின் ஒரு மில்லிலிட்டரில் உயிரணுக்கள் வழக்கமாக 2 இலட்சத்துக்குள் இருக்கும். நோயுற்ற பாலில் பல இலட்சங்களைத் தாண்டும். 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் இதைக் கொண்டு எளிய சோதனையொன்றை அமைத்தனர். சலவைப் பொருள் அணுக்களின் சவ்வை உடைக்கும். உள்ளேயிருந்து வெளிப்படும் டி.என்.ஏ. இழைகள் சிக்கிக்கொண்டு கூழாகும். அவ்வளவுதான் தத்துவம்.

இதே தத்துவத்தில் வீட்டிலும் சோதிக்கலாம். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரையுங்கள். முதல் இரண்டு பீச்சுப் பாலைத் தனியே விட்டுவிட்டு, நான்கு காம்புகளின் பாலையும் நான்கு கிண்ணங்களில் பிடித்து, சம அளவு கரைசலை ஊற்றி மெல்லச் சுழற்றுங்கள். நீராகவே ஓடினால் நலம். எந்தக் கிண்ணத்தில் கோழையாகத் திரள்கிறதோ அந்த அறையில் நோய். கன்று ஈன்ற முதல் சில நாள்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் உயிரணுக்கள் இயல்பாகவே மிகுந்திருக்கும். அப்போது இச்சோதனையை நம்பக் கூடாது. சோதித்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள். கொட்டகைத் தரையில் மட்டும் கொட்ட வேண்டாம்.

நோய் தெரிந்த பசுவைக் கடைசியில் கறக்க வேண்டும். கறந்தபின் அயோடின் கரைசலில் காம்பை முக்குவது இங்கிலாந்தில் 1960-களில் பெரிய மந்தைகளில் சோதித்துப் பயன் கண்ட முறை.

மருந்தைப் பொறுத்தவரை மருத்துவர் சொல்வதே சட்டம். எதிர்உயிரி ஊசி போட்ட பசுவின் பாலைக் குறித்த நாள்வரை சொசைட்டியில் ஊற்றக் கூடாது. அப்பாலில் உறை ஊற்றிப் பார்த்தால் தயிர் சரியாகத் தோயாமல் போகலாம். மருந்து தயிரின் நுண்ணுயிர்களையும் கொல்கிறது. அரைகுறையாகப் போட்டு நிறுத்தினால் மருந்துக்கு மசியாத கிருமிகள்தாம் மிஞ்சும். இதை எண்ணியே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மூலிகை மருத்துவத்தை முறைப்படுத்தினார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். (மஞ்சளைச் சுண்ணாம்பு சிவக்க வைப்பது ஆரத்தி கரைப்பவர்களுக்குப் புதிதல்ல.) அதை நீரில் கரைத்து, கழுவிய மடியில் நாளுக்குப் பத்து முறை வீதம் ஐந்து நாள் பூச வேண்டும். தேசிய பால்வள வாரியமும் இம்முறையைப் பரப்பி வருகிறது. ஆனால் காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல் நிற்கும் பசுவுக்கு விழுதை மட்டும் பூசிக் காத்திருப்பது ஆபத்து.

ஸ்டெஃபைலோகாக்கஸ் திசுக்களுக்குள் தழும்பு எழுப்பி ஒளிந்துகொள்ளும். கறவைக் காலத்தில் மருந்து அங்கே எளிதில் எட்டாது. கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாத வற்றுக் காலத்தில், மருத்துவர் காம்பு வழியே செலுத்தும் மருந்து மடியிலேயே நெடுநாள் தங்கி வேலை செய்யும். அதற்கும் மசியாத அறையை மட்டும் மருத்துவர் யோசனைப்படி வற்ற விட்டுவிடலாம். மற்ற மூன்று அறைகளும் தனித்தனியே இருப்பதால் அவை தொடர்ந்து சுரக்கும். அடுத்த ஈற்றில் அந்த இழப்பில் ஒரு பகுதியை அவையே ஈடுசெய்வதும் உண்டு.