எவர்சில்வரில் எழுத்துச் செதுக்கும் முனை

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டின் பின்கட்டிலே சிறு பட்டறை அமைத்து, சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் செதுக்க விரும்புகிறவருக்கு முதலில் எழும் சந்தேகம், எஃகு முனை ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்பதே. எவர்சில்வர், உராய்ந்த இடத்தில் மேலும் கடினமாகும் சுபாவமுடையது. மழுங்கிய முனை வெட்டாமல் தேய்த்து, தனக்கு எதிரியைத் தானே வளர்த்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம், 1923இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் காப்புரிமை கோரிய பொருள்: செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல, டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் பிணைத்து நிற்பது. அத்துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைக் கடினத்தில் விஞ்சுவதால், கல்தான் தேயும். பச்சைநிறச் சிலிக்கன் கார்பைடுக் கல் உருவத்தைத் தரும். நேர்த்தியான விளிம்பைத் தர வைரச் சக்கரமே ஏற்றது.

முனை செய்ய, முறிந்த கார்பைடுத் துளையூசியின் காம்பே போதும். அதன் நுனியை நீளவாக்கில் சரிபாதியாகத் தேய்த்து, பின்பு கூம்பாக்கி, வெட்டு விளிம்புக்குப் பின்புறத்தைச் சற்றே தாழ்த்த வேண்டும். இந்தத் தாழ்வுதான் சூட்சுமம். அது இல்லையேல், அல்லது நுனியின் தடிமனில் பாதிக்கு மேல் எஞ்சினால், எவ்வளவு கூர்மையான முனையும் சீவாமல் உராயும். சூடேறிய முனையைத் தண்ணீரில் தோய்த்தால், திடீர்க் குளிர்ச்சியால் நுண்ணிய விரிசல் காணும். காற்றிலே ஆறவிடுவதே உத்தமம்.

கோபால்ட் கலந்த தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு; ஆதலால், அன்பர்களே, தகுந்த முகக்கவசமும் கண்ணாடியும் அணியாமல் சாணையைச் சுழற்றாதீர்கள்.